ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜீபி பொய்

குற்றமில்லாதவன் இவ்வளவு நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று அம்பலவாணர் முடிவு கட்டிவிட்டார்.

எதிரே கதிரையில் மிரோஜன் இருந்தான். இருபத்தைந்து வயதைத் தாண்டியிருப்பான். கடல் வெயிலில் கறுத்த உடம்பு. கீழுதடு ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது. முதல்நாள் கடற்கரையில் வைத்து யாரோ குத்தியிருக்கிறார்கள். குத்தியது யார் என்று ஜெனீற்றா கேட்டாள். பதில் இல்லை. வீடியோக்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அதற்கும் பதில் இல்லை.

"தம்பி வாய்க்குள்ளை கொழுக்கட்டை ஏதும் வச்சிருக்கிறாரோ?" என்றார் அம்பலவாணர்.

சூசைமுனைக் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்பலவாணரின் சந்தேகம் கடையில் பிறந்தது. மாத்தறையில் தகப்பனின் பலசரக்குக் கடையில் வளர்ந்தவர் அவர். தராசுக்கு இந்தப் பக்கம் நின்று பழகிய கண், எதிரே நிற்கிறவனை முதலில் கள்ளனாகவே பார்க்கும். பிறகுதான் மனிதனாகப் பார்க்கும். கடை போய், சொந்தத் தீவுக்குத் திரும்பி, ஓட்டோ ஓட்டி, கடைசியில் ஜெனீற்றாவுக்குச் சாரதியும் உதவியாளருமாக வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கண் மாறவில்லை.

ஜெனீற்றா ஊர்காவற்றுறையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் 'தனியார் புலனாய்வு' என்று பலகை மாட்டியிருந்தாள். நாற்பது வயது. அதற்கு முன்னர் கொழும்பில் காப்புறுதிக் கொம்பனியொன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். எரியாத கடை எரிந்ததென்று கையொப்பம் வைத்தவர்களையும், உயிரோடு புல் மேய்ந்த மாட்டுக்கு நட்டஈடு கேட்டவர்களையும் கண்டவள். அம்பலவாணர் ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவார். அவள் பொருளைப் பார்த்துச் சந்தேகப்படுவாள். இருவருக்கும் இடையில் சண்டை வருவது அந்த இடத்தில்தான்.

அன்றைய பொருள் மேசையில் கிடந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கையடக்கக் கணினி. சங்கத்தில் எல்லோரும் அதை 'டேப்' என்றார்கள்.

"விசயத்தைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ, தலைவர்" என்றாள் ஜெனீற்றா.

தலைவர் சவிரிமுத்து தொண்டையைச் செருமினார். எழுபதை நெருங்கிய மனிதர். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் செபமாலை. கோயிலில் செபம் தொடங்குவதும் கரையில் வழக்குத் தீர்ப்பதும் அவர்தான். அன்று காலையில் பேக்கரிப் படியேறி வந்து ஜெனீற்றாவை அழைத்தவரும் அவரே.

"கடலட்டைப் பண்ணைக்காரர் கடலுக்குள்ளை வேலி போட்டிருக்கினம் பிள்ளை. அனுமதி குடுத்த இடம் சின்னன். ஆனா அந்த வேலி நடக்கும். நண்டு படுகிற காலம் வந்தா வெளியாலை நடந்து வந்து எங்கடை வாய்க்காலை மறிக்கும். பாக்கவெண்டு அதிகாரிமார் வந்தா, திரும்ப உள்ளுக்கை நடந்து போயிடும். நாங்கள் சொன்னா ஆர் நம்பினம்? அதுக்குத்தான் ஒரு தொண்டு நிறுவனத்தைப் பிடிச்சு இந்த டேப்பை எடுத்தது. மிரோஜன் வலைக்குப் போகேக்கை தினமும் வேலியை வீடியோ எடுக்கவேணும். நாளைக்கு அதிகாரிமாரின்ரை விசாரணை. நேற்றுப் போட்டுப் பாத்தா, தொடக்கத்திலை எடுத்ததுகள் மட்டும் ஓடுது. வேலி நடந்த காலத்து வீடியோ ஒண்டும் ஓடேல்லை."

"அழிச்சுப்போட்டான்" என்றாள் பக்கத்தில் நின்ற மேரிஜோசப்பின். சங்கத்தின் செயலாளர். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனுசி. "டேப் இவன்ரை கையிலைதான் இருந்தது. பண்ணைக்காரனிட்டை எதையோ வாங்கிக்கொண்டு எங்கடை வயித்திலை அடிச்சுப்போட்டான். பின்னேரம் கூட்டம். சங்கத்தை விட்டுத் தள்ளப்போறம்."

சவிரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவன்ரை தகப்பன் கடலோடை போன பிறகு நான்தான் வளர்த்தனான். ஞானத்தகப்பன் நான். ஆனா சங்கத்துக்கு முன்னாலை சொந்தம் பாக்கேலாது."

மிரோஜன் அப்போதும் தலை நிமிரவில்லை. இது போதும், பெடியன்தான் கள்ளன் என்று அம்பலவாணர் மனதுக்குள் கோப்பை மூடினார்.

ஜெனீற்றா டேப்பைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வீடியோவுக்கும் தபால் முத்திரையளவில் ஒரு சின்னப் படம். கடல், தடி, வானம். கடல், தடி, வானம். படம் இருந்தது, பெயர் இருந்தது, திகதி இருந்தது. தொட்டால் மட்டும் 'திறக்க முடியவில்லை' என்று வந்தது. நடுவில் ஓரிடத்தில் அவளுடைய விரல் நின்றது. வெள்ளைச் சட்டையும் தலையில் பூமுடியுமாக ஒரு சிறுமி.

"இது ஆர்?"

"என்ரை பேத்தி" என்றாள் ஜோசப்பின். "கோயிலிலை முதல் நன்மை எடுத்த அண்டைக்கு என்ரை போன் பழுது. டேப்பிலைதான் எடுத்தது. அது கிடக்கட்டும், நீங்கள் வேலியைப் பாருங்கோ."

ஜெனீற்றா சிறுமியைத் தொட்டாள். திறக்க முடியவில்லை.

ஜோசப்பின் எட்டிப் பார்த்தாள். தானும் ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது.

"அக்கா, பண்ணைக்காரருக்கு உங்கடை பேத்தியோடை என்ன கோவம்?" என்று கேட்டாள் ஜெனீற்றா. "அழிக்கிறவன் தெரிஞ்செடுத்து அழிப்பான். வேலியை அழிச்சுப்போட்டுப் பிள்ளையை விட்டிருப்பான். இஞ்சை ஒருத்தரும் தெரிஞ்செடுக்கேல்லை. ஏதோ ஒரு நாளுக்குப் பிறகு நல்லது, கெட்டது எல்லாம் ஒண்டாப் போயிருக்கு."

மிரோஜன் முதல்தரம் தலையைத் தூக்கினான். ஆனால் அவன் ஜெனீற்றாவைப் பார்க்கவில்லை. சவிரிமுத்துவைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டான்.

"இந்த டேப்புக்குச் சொந்தமா நினைவகம் கொஞ்சம்தான். வீடியோ எல்லாம் மெமரி காட்டிலை. அந்தக் காட்டைத் தெரிஞ்செடுத்தது ஆர்?" என்று கேட்டாள் ஜெனீற்றா.

"அது என்ரை செலவு" என்றார் சவிரிமுத்து. "மிரோஜன் நூற்றி இருபத்தெட்டு ஜீபி காணும் எண்டு கூட்டத்திலை சொன்னவன். நான்தான், போடுறதெண்டா பெரிசாப் போடுவம் எண்டு சொல்லி, சுவிசிலை இருக்கிற தங்கச்சியின்ரை மகனிட்டைக் கேட்டு எடுப்பிச்சனான். ஐந்நூற்றிப் பன்னிரண்டு."

"ஓம், எல்லாரும் கை தட்டினவை" என்றாள் ஜோசப்பின், இப்போது குரல் தணிந்து.

ஜெனீற்றா டேப்பை நிறுத்தி, ஓரத்தில் ஊசியால் குத்திக் காட்டை வெளியே எடுத்தாள். சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புத் துண்டு. முன்புறம் 512 என்று பெரிதாக எழுதியிருந்தது. அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பின்புறம் பிளேட்டால் கீறியதுபோல இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நின்றன.

"வேதக்காரர் வலுத்த ஆக்கள்தான்" என்றார் அம்பலவாணர். "காட்டுக்கும் சிலுவை போட்டுத்தான் உள்ளுக்கை விட்டிருக்கினம்."

ஜெனீற்றா காட்டைத் திரும்பச் செருகினாள். "டேப்பைப் பின்னேரக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து தாறன்" என்றாள்.

"எடுத்துக்கொண்டு போங்கோ பிள்ளை" என்றார் சவிரிமுத்து தாராளமாக.

*

"அது சிலுவை இல்லை அண்ணை" என்றாள் அவள், ஓட்டோ கரை வீதியைத் தாண்டிய பிறகு.

"பின்னை?"

"சிலுவை நிமிர்ந்து நிக்கும். இது சரிஞ்சு நிக்குது. பெருக்கல் குறி. இந்தக் குறியை ஆர் போடுவினம்?"

"வாத்தியார் போடுவார். என்ரை கொப்பிகளிலை உதைத் தவிர வேறையொண்டும் இருந்ததில்லை."

"வாத்தியார் பிழை எண்டு போடுவார். வேறை ஆர்?"

அம்பலவாணர் யோசித்தார். மாத்தறைக் கடையில் உடைந்த மூட்டைக்கும் புழுத்த பருப்புக்கும் தகப்பன் கரிக்கட்டியால் போடுகிற குறி கண்ணுக்கு முன்னால் வந்தது.

"கடைக்காரன்" என்றார். "விக்கேலாத சாமானுக்கு."

"அப்ப கடையைப் பிடிப்பம். இந்தப் பக்கத்திலை மெமரி காட்டைச் சோதிச்சு விக்கிற கடை எது?"

"வேலணையிலை ஒருத்தன் இருக்கிறான். துஷ்யந்தன் எண்டு பேர். ஒரு சாஜர் வாங்கப் போனா ஒரு மணித்தியாலம் படிப்பிச்சுப்போட்டுத்தான் தருவான். நல்லவன் அவ்வளவு கதைக்க மாட்டான் பிள்ளை."

"காலமை கதைக்காதவன் கள்ளன். இப்ப கதைக்கிறவன் கள்ளன்."

"ரெண்டும் கள்ளன்தான். நடுவிலை நிக்கிறவனை நான் இன்னும் காணேல்லை."

சரவணையைத் தாண்டும்போது காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. பூட்டிய வீடுகள், கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்கள் திறப்பைக் கொண்டுபோய்விட்ட கதவுகள், வளவுக்குள் மாடுகள். ஒருவனை ஊரே சேர்ந்து கள்ளன் என்றால் அவன் எந்த வீட்டுப் படியில் போய் நிற்பான் என்று அம்பலவாணருக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அக்சிலேற்றரை முறுக்கினார்.

துஷ்யந்தனின் கடை ஒடுங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் போன்கள், சுவரில் வயர்கள், மேசையில் ஒரு கணினி. ஆள் முப்பது வயதுக்காரன். வாய் ஓயாதவன்.

"எனக்கு ஒரு மெமரி காட் வேணும். இந்த டேப்புக்கு" என்றாள் ஜெனீற்றா.

"என்னத்துக்கு? பாட்டுக் கேக்கவோ, படம் பாக்கவோ, வீடியோ எடுக்கவோ?"

"வித்தியாசம் இருக்கோ?"

"இருக்காதோ? வீடியோ எண்டா வேகமா எழுதுற காட் வேணும். கடலிலை, வெயிலிலை எடுக்கிறதெண்டா அதுக்குத் தாங்கிறது வேணும். இந்த டேப் நூற்றி இருபத்தெட்டுக்கு மேலை சுமக்காது. கூடப் போட்டாச் சில நேரம் வாசிக்கும், சில நேரம் வாசிக்காது. பெரிசு எண்டு எடுக்கிறதில்லை அக்கா, பொருந்துறதைத்தான் எடுக்கிறது." அவன் டேப்பைப் புரட்டிப் பார்த்தான். "இதே டேப்புக்கு முந்தியும் ஒருத்தர் வந்து கேட்டவர். சூசைமுனைப் பெடியன். எல்லாம் வடிவாக் கேட்டவர். நூற்றி இருபத்தெட்டு எண்டு முடிவெடுத்தவர், சங்கத்திலை சொல்லிப்போட்டு வாறன் எண்டு போனவர். பிறகு ஆள் வரேல்லை."

"கத்தரிக்காயெண்டா நசிச்சுப் பாக்கலாம்" என்றார் அம்பலவாணர் விடாமல். "உன்ரை காட் நல்லதெண்டு நான் எப்பிடிப் பாக்கிறது?"

"நிரப்பிப் பாக்கவேணும் அண்ணை. மேலை எழுதியிருக்கிறதை நம்பக்கூடாது. எழுத்து ஆரும் அடிக்கலாம். வாய் வரைக்கும் நிரப்பி, திரும்ப எடுத்துப் பாத்தாத்தான் உள்ளுக்கை எவ்வளவு எண்டு தெரியும். நான் நிரப்பிப் பாக்காமல் ஒண்டும் விக்கிறதில்லை."

ஜெனீற்றா பழைய காட்டை எடுத்து, கீறல் மேலே தெரிய அவன் முன் வைத்தாள்.

துஷ்யந்தனின் வாய் ஒருகணம் ஓய்ந்தது. அம்பலவாணர் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டார், ஓடினால் பிடிப்பதற்கு.

"உது என்ரை வெட்டு" என்றான் அவன். "இது எங்கையிருந்து உங்களிட்டை?"

"நீர் சொல்லும்."

"ஒரு முறை மலிவா வருது எண்டு கொழும்பிலை ஒருத்தனிட்டை வாங்கி ஏமாந்துபோனன். எல்லாம் கள்ளக் காட். மேலை ஐந்நூற்றிப் பன்னிரண்டு, உள்ளுக்கை முப்பத்திரண்டு. ஒண்டையும் விக்கேல்லை அக்கா, சத்தியமா. எல்லாத்துக்கும் முதுகிலை வெட்டுப் போட்டு இந்தப் பேணிக்குள்ளை எறிஞ்சனான்." மேசை ஓரத்தில் பால்மாத் தகரப்பேணி ஒன்று இருந்தது. உள்ளே கறுப்புக் காட்டுகள். "இந்தக் காட்டிலை ஒரு கெட்ட குணம். நிரம்பினாலும் நிரம்பினதெண்டு சொல்லாது. எழுதுறன் எழுதுறன் எண்டு நடிக்கும். எடுத்த கையோடை பாத்தா வீடியோ ஓடும். பிறகு பாத்தா பேர் மட்டும் இருக்கும், ஆள் இராது. வாற சனத்துக்கெல்லாம் பேணியைக் காட்டிப் புத்தி சொல்லுறனான், உப்பிடி ஏமாறாதையுங்கோ எண்டு."

"ஆர் இதை எடுத்துக்கொண்டு போனது?"

"அது தெரியாது. ஆரும் கை வைக்கலாம். நான் பேணியைப் பூட்டி வைக்கிறதில்லையே."

"நல்லாச் சொன்னாய்" என்றார் அம்பலவாணர். "பூட்டில்லை, பேர் இல்லை, முகம் இல்லை. உன்ரை கதையும் ஐந்நூற்றிப் பன்னிரண்டுதான்."

ஜெனீற்றா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் புதிதாக ஒரு நூற்றி இருபத்தெட்டு ஜீபி காட் வாங்கினாள். பிறகு துஷ்யந்தனிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். அவன் தலையாட்டி, டேப்பைக் கணினியில் பொருத்தி ஏதோ தேடத் தொடங்கினான். சிறிது நேரத்தில் திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள் வந்து நிரம்பின. ஜெனீற்றா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றைப் பெரிதாக்கச் சொன்னாள். அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"என்ன பிள்ளை?"

"எல்லாத்தையும் புதுக் காட்டிலை ஏத்தும்" என்றாள் துஷ்யந்தனிடம்.

*

திரும்பி வரும் வழியில்தான் அவள் கேட்டாள். "அண்ணை, துஷ்யந்தன்ரை கடைக்குச் சுவிசிலை கிளை ஏதும் இருக்கோ?"

அம்பலவாணர் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஏசிக்கொண்டு விலகிப் போனான்.

"வேலணையிலை வெட்டுப்பட்ட காட், சுவிசிலையிருந்து எப்பிடி வரும்?" என்றார். "அப்ப சவிரிமுத்தர்..." என்றவர், உடனே தானே மறுத்தார். "இல்லைப் பிள்ளை. இது பொருந்தாது. அந்த மனுசன்தானே படியேறி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனது? கள்ளன் தானாப் போய்ப் பொலிசைக் கூப்பிடுவானோ?"

"சங்கத்து ஆக்கள் ஆரையாவது வச்சு விசாரிக்கச்சொல்லிப் பிடிவாதம் பிடிச்சிருப்பினம். இவருக்கு ஆரையாவது கொண்டுவந்து காட்டவேணும். யாழ்ப்பாணத்திலை எவ்வளவு பெரிய ஆக்கள் இருக்கினம்? பேக்கரிக்கு மேலை, ஒரு பொம்பிளை, ஒரு ஓட்டோக்காரர். காட் தெரிஞ்செடுத்த மாதிரித்தான் எங்களையும் தெரிஞ்செடுத்தவர். வெளியிலை பெரிய பலகை, உள்ளுக்கை ஒண்டும் இராது எண்டு."

அம்பலவாணருக்கு அன்று முழுவதும் வராத கோபம் அப்போது வந்தது.

*

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். பெண்கள் வாங்குகளில் இருந்தார்கள். மிரோஜனுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. சவிரிமுத்து செபம் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கினார்.

ஜெனீற்றா எழும்பினாள். நீட்டி முழக்கவில்லை. காட்டின் கதையைச் சொன்னாள். முப்பத்திரண்டு ஜீபி நிரம்பிய நாளிலிருந்து அது நடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். "மிரோஜன் ஒண்டையும் அழிக்கேல்லை. அழிக்கிறதுக்கு அதிலை ஒண்டும் இருக்கேல்லை" என்று முடித்தாள்.

சுவரோரம் நின்ற ஒருவன் தன் கைவிரல் மூட்டுகளைப் பார்த்துக்கொண்டான். ஜோசப்பின் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே!" என்றார் சவிரிமுத்து. "அப்ப என்ரை தங்கச்சியின்ரை மகனைச் சுவிசிலை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள். நல்ல மனசோடை வாங்கித் தந்த பெடியன்."

"சுவிசிலை இல்லைத் தலைவர். வேலணையிலை." அவள் காட்டைத் திருப்பிக் காட்டினாள். "பிழையான காட் எண்டு கடைக்காரன் போட்ட வெட்டு இது."

சவிரிமுத்துவின் முகம் ஒரு நொடி வெறுமையானது. அடுத்த நொடி அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். "விளங்குது பிள்ளை. அவன் போன திருவிழாவுக்கு வந்து நிண்டவன். இஞ்சை மலிவா எடுத்துப்போட்டு, அங்கையிருந்து கொண்டந்தது எண்டு எனக்குப் பொய் சொல்லியிருக்கிறான். வெளிநாட்டு ஆக்களின்ரை பெருமை தெரியும்தானே."

கூட்டம் முணுமுணுத்துத் தலையாட்டியது. பதில் நன்றாக இருந்தது. கடையில் நின்றிருந்தால் அவரே அந்தப் பதிலுக்குச் சாமானைத் திருப்பி எடுத்திருப்பார்.

ஜெனீற்றா டேப்பை ஜோசப்பினின் கையில் கொடுத்தாள். "காட் மறந்துபோச்சு. டேப் மறக்கேல்லை அக்கா. ஒவ்வொரு வீடியோ எடுக்கேக்கையும், பிறகு தேட லேசா இருக்கட்டும் எண்டு, டேப் ஒரு சின்னப் படத்தைத் தன்ரை வயித்துக்குள்ளை எடுத்து வைக்கும். காலமை நீங்கள் பாத்த முத்திரையளவுப் படங்கள்தான். வீடியோ ஓடாது. ஆனா வேலி எங்கை நிண்டது எண்டதுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு படம், திகதியோடை இருக்கு. நாளைக்கு அது காணும். இப்ப இந்த ஒரு படத்தை மட்டும் பாருங்கோ."

ஜோசப்பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கடலுக்குள் நிற்கும் கலங்கரைத் தூண், அதற்கு வெளியே திறந்த கடல். அதில் ஒரு வள்ளம், நிறைய வேலித் தடிகளை ஏற்றிக்கொண்டு. ஓட்டுகிறவர் ஒரு புள்ளி. இலக்கம் தெரியவில்லை.

"இலக்கம் வாசிக்கேலாது" என்றாள் ஜெனீற்றா. "எனக்கு வள்ளங்களைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

ஜோசப்பின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்கோ அக்கா."

"முன் அணியத்திலை பச்சை ஒட்டு" என்றாள் அவள், யாருக்கோ மரணச் செய்தி சொல்வதுபோல. "இந்தக் கரையிலை அப்பிடி ஒரு வள்ளம்தான் இருக்கு."

மண்டபம் முழுக்கச் சவிரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தது.

"என்ரை வள்ளத்தை ஆரோ களவா எடுத்துக்கொண்டு..." என்று தொடங்கினார் அவர்.

"ஓட்டினது நீங்கள்தான் ஞானப்பா."

அந்தக் குரலை அம்பலவாணர் அன்று முதல்தரம் கேட்டார். மிரோஜன் எழும்பி நின்றான். வீங்கிய உதட்டால் சொற்கள் கொஞ்சம் சறுக்கின.

"நான் பக்கத்திலைதான் நிண்டனான். தடியளுக்குப் பின்னாலை. நீங்கள் என்னைக் காணேல்லை."

ஜெனீற்றா திகைத்துப்போனாள். அவளுடைய கணக்கில் இது இருக்கவில்லை. "நீர் கண்டனீரோ? அப்ப காலமை நான் கேக்கேக்கை ஏன் பேசாமல் இருந்தனீர்? நேற்று அடி வாங்கேக்கையாவது சொல்லியிருக்கலாமே?"

மிரோஜன் அவளுக்குச் சொல்லவில்லை. சவிரிமுத்துவைப் பார்த்துத்தான் சொன்னான். "வீடியோ இருக்குத்தானே, விசாரணையிலை அது சொல்லட்டும், நான் என்ரை வாயாலை சொல்லத் தேவையில்லை எண்டு இருந்தனான். பிறகு அதுவும் இல்லையெண்டு ஆச்சு." வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டான். "அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

சவிரிமுத்து கதிரையில் இருந்துவிட்டார்.

"மூத்தவனுக்குப் பண்ணையிலை மேற்பார்வையாளர் வேலை தாறம் எண்டவை" என்றார். மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்தக் கடல் எப்பிடியும் எங்கடை கையை விட்டுப் போகப்போகுது. போறதிலை என்ரை பிள்ளையாவது கரையேறட்டும் எண்டு நினைச்சன். வீடியோ எடுக்கவேணும் எண்டு சங்கம் நிண்டுது. மறிக்கேலாது. வேலணைக் கடையிலை அந்தப் பெடியன் பேணியைக் காட்டிக் கதை சொன்னவன்... அதிலை வெட்டு இருக்கிறது என்ரை கண்ணுக்குத் தெரியேல்லை." பிறகு தலையைத் தூக்கினார். "உனக்கு அடிப்பாங்கள் எண்டு நான் நினைக்கேல்லை, ராசா."

"அடிக்கேக்கை நீங்கள் வாடிக் கொட்டில் வாசலிலை நிண்டனீங்கள்" என்றான் மிரோஜன்.

அம்பலவாணர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். காலையில் பெடியனைப் பார்த்துச் சொன்ன கொழுக்கட்டைப் பகிடி நாக்கில் கசந்தது.

*

மறுநாள் விசாரணைக்குச் சவிரிமுத்து வந்தார். வரமாட்டார் என்றுதான் அம்பலவாணர் சொல்லியிருந்தார். வந்து, தடி ஏற்றியதையும் கள்ளக் காட் கொடுத்ததையும் தன் வாயால் சொன்னார். ஜெனீற்றா படங்களைத் திகதி வரிசையில் போட்டுக் காட்டினாள். பொறுமையில்லாமல் தொடங்கிய அதிகாரி, வேலி நாளுக்கு நாள் நடந்து வெளியே வருவதைப் பார்த்த பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். பண்ணையின் அனுமதி அன்றே நிறுத்தி வைக்கப்பட்டது.

வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. சங்கத்து ஆட்கள் வான் பிடித்துப் போய்விட்டார்கள். ஒருவரும் சவிரிமுத்துவை ஏறச் சொல்லவில்லை. ஏறச் சொன்ன வானில் மிரோஜன் ஏறவில்லை. இருவரும் வீதியின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள்.

"பஸ் இப்போதைக்கு வராது" என்றார் அம்பலவாணர். "ஏறுங்கோ ரெண்டு பேரும்."

சவிரிமுத்து தயங்கி வந்து பின்னால் ஏறினார். பக்கத்தில் ஜெனீற்றா. மூன்றாமவருக்கும் இடமிருந்தது. மிரோஜன் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு சுற்றி வந்து, டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, சாரதி ஆசனத்தின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஒடுங்கி இருந்தான். பொலிஸ் கண்டால் தண்டம் எழுதும் என்று சொல்ல வாயெடுத்த அம்பலவாணர் சொல்லவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

பாதி வழியில் பின்னாலிருந்து இருமல் கேட்டது. நிற்காத வறட்டு இருமல். ஜெனீற்றா தன் பைக்குள் தண்ணீர் தேடினாள், இருக்கவில்லை. அம்பலவாணர் ஓட்டோவை ஓரம் கட்டப் பார்த்தார்.

மிரோஜன் திரும்பவில்லை. முன்னால் வீதியைப் பார்த்தபடியே, காலடியில் கிடந்த தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினான். ஒரு கை அதை வாங்குகிறவரைக்கும் நீட்டியபடியே வைத்திருந்தான்.